இசக்கிசெல்வி காசிக்குப் போய் வந்தாள்

—நெத்தியத் தொடைக்காத இசக்கி. வேர்வைன்னு சாக்குச் சொல்லாத. நிமுந்து என்னயப் பாரு. பொட்டு எங்க?

—வாங்கத்தான். விக்ரோலியிலேருந்து இந்த வெயில்ல வந்திருக்கிய. மொதல்ல உக்காருங்க. ஏ மாலதி, ஃபேன பெரியப்பா பக்கம் திருப்பி வையி.

—ஃபேனு கெடக்கட்டும். கழுத்தையும் பாக்கேன், மஞ்சக் கயித்தையும் காணும். அப்ப ஒங்கூட காசிக்கு வந்த பூமாரி சொன்னது நெசந்தான்.

—பூமாரி என்ன சொன்னா?

—‘இசக்கியக்கா காசிக்குப் போகும்போது பொட்டோட போனா, வரும்போது வெறும் நெத்தியோட வந்தா’ன்னா. ட்ரெயின்ல யார்கிட்டயும் பேச்சில்ல, சன்னலப் பாத்துக்கிட்டே வந்தாளாம். தாராவி பூரா இதான் பேச்சு. நான் நம்பல, பாத்துக்கிடு. நேர்ல பாத்துட்டு வாரேன்னு பஸ் ஏறுனேன்.

—பெரியப்பா, சாய் போடவா? உங்களுக்கு சக்கர கம்மி, நை?

—சாயும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஏட்டி, ஒங்கம்மா இந்தக் கோலத்துல நிக்கா, நீயும் பாத்துக்கிட்டு இருக்கியே?

—அரே, நான் என்ன பண்ண? வந்த அன்னைக்கே கேட்டேன். ‘காசியில விட்டுட்டேன்’னு சொல்லுச்சு. மதலப், அப்படின்னா என்னம்மான்னா, ‘பொறவு சொல்லுதேன்’னுச்சு. எனக்கு லேப்ல ரத்தம் எடுத்து எடுத்து இடுப்பு ஒடியுது. மேல கல்யாண வேல. அம்மாகூட சண்ட போட எனக்கு டைமே கெடைக்கல பெரியப்பா.

—சரி. நான் ஒண்ணு சொல்லுதேன், ரெண்டு பேரும் கேளுங்க. நான் சண்டைக்கு வரல. நல்ல சேதி கொண்டாந்திருக்கேன். இந்தா, இந்த போன்ல பாரு. பூமாரி காசியில எடுத்த போட்டோ. பின்னால, சத்திரத்து வாசல்ல தாடியோட ஒருத்தன் நிக்கான் பாரு. பெருசாக்கிப் பாரு. அந்தக் காது மடிஞ்சிருக்கதப் பாரு. யாருன்னு தெரியுதா?

—தெரியுது.

—யாரு?

—ஒங்க தம்பி.

—எந் தம்பி சொரிமுத்து! உசிரோட இருக்கான் இசக்கி! காசியில இருக்கான்! என்னட்டி இப்படி கல்லு மாதிரி நிக்க? ஒம் புருசன் இருக்கான்னு சொல்லுதேன்.

—கேட்டுச்சு அத்தான்.

—ஒரு நிமிஷம். இது எங்கப்பாவா? இந்தத் தாடி?

—ஆமா பிள்ள. நீ பால்குடி மறக்கதுக்கு முன்ன போனவன்.

—ரோட்டுல போற சாமியார் மாதிரி இருக்காரு. நான் கல்யாண போட்டோவுல பாத்த ஆளே இல்ல. அம்மா, நீ இவர நேர்ல பாத்தியா அங்க?

—பாத்தேன்.

—பாத்துட்டு வந்து எங்கிட்ட சொல்லவே இல்லையா? எங்கிட்ட?

—சொல்லத்தான் இருந்தேன். எந்த வார்த்தையில ஆரம்பிக்கன்னு தெரியல பிள்ள.

—ஆரம்பம் எதுக்கு, முடிவ நான் சொல்லுதேன். அடுத்த மாசம் பிள்ளைக்குக் கல்யாணம். சீத்தா கேம்ப் மாப்ள வீட்டுக்காரங்க முத்துசெல்வத்துக்குப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு, ‘தகப்பன் எங்க’ன்னு மொகத்துக்கு நேரா கேட்டாங்களா இல்லையா? நான் இந்த எடத்துல உக்காந்து தரையப் பாத்தேன். இனி பாக்க வேண்டாம். ஞாயித்துக்கெழம குர்லாவுல ட்ரெயின் ஏறுதேன். அவனக் கையோட கூட்டிட்டு வாரேன். தாடியச் சரைச்சு, பட்டு வேட்டி கட்டி மணையில உக்கார வைப்போம். நீ பக்கத்துல உக்காரு. ரெண்டு பேருமாத் தார வாத்துப் பிள்ளையக் குடுங்க. ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான்.

—அம்மா, பெரியப்பா சொல்றது… ஒரு நாள்தானே? முத்து ஒண்ணும் கேக்க மாட்டான், அவன் அந்த டைப் இல்ல. அவங்கம்மாதான் போன் பண்ணுறப்பல்லாம் சுத்திச் சுத்தி அங்கயே வருது. வந்து உக்காந்துட்டுப் போகட்டுமே.

—ஒனக்கு வேணுமா மாலதி? மாமியாக்காரிய விடு. ஒனக்கு?

—எனக்குத் தெரியலம்மா. ஸ்கூல்ல அப்பா எங்கன்னு யாரு கேட்டாலும் ‘பாபா துபாய்ல இருக்காரு’ன்னு சொல்லுவேன். டீச்சர் சிரிக்கும். ஒரு நாளாவது துபாய்லேருந்து வரட்டுமேன்னு இருக்கு. தப்பா?

—தப்பில்ல. ஆனா அவரு வர முடியாது.

—ஏன் முடியாது? நான் போறேன்னு சொல்லுதேன்லா?

—செத்தவங்க மணையில உக்கார மாட்டாங்க அத்தான்.

—ஏய்! வாயக் கழுவு. போட்டோவக் காட்டிக்கிட்டு இருக்கேன், செத்தவன்ங்க?

—கங்கையில அவருக்குப் பிண்டம் போட்டாச்சு. எள்ளும் தண்ணியும் எறச்சு, முங்கி எந்திரிச்சு, கயித்த அவுத்து ஆத்துல விட்டுட்டுத்தான் வந்திருக்கேன். பொட்ட அந்தத் தண்ணியிலயே அழிச்சேன். போதுமா? இதுக்குத்தான வந்திய?

—க்யா? அம்மா, இது என்ன?

—உசிரோட இருக்கவனுக்குப் பிண்டமா? அட பாவி. ஊரு ஒலகத்துல காசிக்குப் போனா பாவக்காய விடுவாங்க, கொய்யாப்பழத்த விடுவாங்க. இந்தா, பூமாரி பீர்க்கங்காய விட்டுட்டு வந்திருக்கா. நீ புருசனையா விட்டுட்டு வருவ?

—பூமாரி என்னைக்கு பீர்க்கங்கா தின்னா? வேண்டாததத்தான் விட்டா. நானும் அப்படித்தான்.

—பேச்சு! காசித் தண்ணியக் குடிச்சதும் வாய் நீண்டுபோச்சு. அது புண்ணிய பூமி இசக்கி. விசுவநாதர் இருக்க எடம். வெளையாடுத எடமில்ல.

—வெளையாடப் போகல அத்தான். புண்ணியத்துக்கும் போகல. ஒங்க தம்பியத் தேடியும் போகல. எம் பிள்ள கல்யாணத்துக்கு முன்ன ஒரு வழி தெரியணும்னு போனேன். நம்ம பிள்ளையார் கோயில் பூசாரிகிட்ட கேட்டேன். ‘பன்னெண்டு வருசம் ஆளக் காணலன்னா செத்தவராப் பாவிச்சு கருமம் செஞ்சிரலாம், காசியில செஞ்சா விசேசம்’னாரு. அந்தப் பன்னெண்டு என்னைக்கோ தாண்டிப் போச்சு. பூமாரி வந்து, ‘காசி டூர் போறாவ, வாரியா’ன்னா. கெளம்பிட்டேன்.

—என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?

—கேட்டா வேண்டாம்பிய.

—வேண்டாம்னுதான் சொல்லுவேன். ஒரு பொம்பள தானா போயி தாலிய அறுத்துக்கிடுவாளா? நம்ம பக்கம் அப்படி ஒருத்தி செஞ்சு பாத்திருக்கியா?

—இல்ல. பட்டறையில சாயிமா இருக்காள்லா, எங்கூட பை தைக்கவ. அவ ஒரு நாள் சொன்னா, ‘எங்க இஸ்லாத்துல நாலு வருஷம் ஆளு அட்ரஸ் இல்லன்னா, பொம்பள முறப்படி கேட்டுத் தன் வழியப் பாத்துக்கலாம். உங்கள்ல எத்தன வருஷம் இசக்கி?’ன்னு. ஊசி நூலு கோத்துக்கிட்டே சாதாரணமாத்தான் கேட்டா.  மிஷின ஓட்டிக்கிட்டே இருந்தேன். சாயங்காலம் வரைக்கும் அதே கேள்விதான். நான் யாரு? பொண்டாட்டியா? எவனுக்கு? தாலியறுத்தவளா? பொணம் எங்க?

—நாங்க தேடலையா அவன? சொல்லு. தேடலையா?

—நீங்க ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டு விக்ரோலிக்குப் போயிட்டிய. ஆஸ்பத்திரிப் பொணக் கொட்டகைக்கு யாரு போனா? இடுப்புல இவளத் தூக்கிக்கிட்டு நான் போனேன். ரயில்ல அடிபட்டது, கடல்ல ஒதுங்குனது, ‘வந்து பாரும்மா’ன்னு ஆளனுப்புவான். துணியத் தூக்குவான். மொதல்ல எல்லாம், இவரா இருக்கக் கூடாது அம்மா தாயேன்னு வேண்டிக்கிட்டுப் பாப்பேன். போகப் போக, இவராவே இருந்துட்டாத் தேவலன்னு நெனச்சேன். அப்படி நெனச்சதுக்காக வீட்டுக்கு வந்து எத்தன தடவ தலையில அடிச்சு அழுதிருக்கேன் தெரியுமா?

—அம்மா, இதெல்லாம் நீ என்கிட்ட சொன்னதே இல்ல.

—துபாய்ல இருக்காருன்னு நீ சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச. அத எதுக்கு நான் கெடுக்கணும்?

—இந்தா இசக்கி, ஒன் கஷ்டம் எனக்குத் தெரியாமலா? அவனுக்கு மனசு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. வீடு, வேல, பாரம் தாங்கல.

—தாங்காதவரு எறக்கி வச்சிட்டுப் போனாரு. எங்க எறக்கி வச்சாரு? என் தலையில.

—அவன் செஞ்சது தப்புத்தான்! இல்லங்கேனா? எனக்கும் அவன் மேல கோவம் உண்டு. எங்கம்மா சாகக் கெடக்கையில சின்னவன், சின்னவன்னு அரத்திக்கிட்டே கெடந்துச்சே. ‘ஏல, ஒரு எட்டு வந்து மொகத்தக் காட்டிட்டுப் போல’ன்னு போன்ல கெஞ்சுனேன். வரல. அதுக்காக நான் அவனத் தல முழுகிட்டேனா? கூடப் பொறந்தவன்னு பொறுத்துக்கிட்டேன்லா?

—யாரக் கெஞ்சுனிய?

—என்ன?

—அத்த சாகக் கெடக்கையில யாருக்குப் போன் போட்டிய அத்தான்?

—அது… நான் சொல்ல வந்தது…

—ஏக் மினிட். பெரியப்பா, உங்ககிட்ட அவரு நம்பர் இருந்துச்சா? ஆச்சி செத்தே ரெண்டு வருஷமாச்சே! அப்ப இந்த போட்டோ, ‘யாருன்னு தெரியுதா, யாருன்னு தெரியுதா’ன்னு காட்டுனதெல்லாம்? நாடகமா?

—கத்தாத பிள்ள, பக்கத்து ரூம்ல கேக்கும்.

—கேக்கட்டும்! எவ்வளவு வருஷமா தெரியும் உங்களுக்கு?

—நான் ஒண்ணு சொல்லுதேன், கேளு. ஊர்க்காரன் ஒருத்தன் காசிக்குப் போனவன் பாத்துட்டு வந்து சொன்னான். ரொம்ப வருசம் முன்ன. நான் சத்திரத்துக்குப் போன் போட்டுப் பேசுனேன். ‘வீட்ல சொன்னா இந்த எடத்தையும் விட்டுட்டு எங்கயாவது போயிருவேண்ணே’ன்னான். சத்தியம் வாங்கிட்டான். எங்கயாவது போய் விழுந்து சாகதுக்கு, இங்கனயாவது இருக்கட்டும்னு பேசாம இருந்துட்டேன். வேற என்ன செய்யச் சொல்லுத?

—அத்தைக்குத் தெரியுமா?

—இசக்கி, அது இப்ப எதுக்கு?

—தெரியுமான்னு கேக்கேன்.

—ஒரு தடவ பேச வச்சேன். எங்க வீட்டுக்கு வந்திருந்தப்ப. ரொம்ப அழுதுச்சு.

—அம்மா. அம்மா, உக்காரு. இந்தா, தண்ணி குடி. பெரியப்பா, கொஞ்ச நேரம் பேசாம இருங்க, ப்ளீஸ்.

—எனக்கு ஒண்ணுமில்ல. விடு. தண்ணி வேண்டாம். வெள்ளிக்கெழம நான் தல முழுகிட்டு வந்தா, அத்த தானா குங்குமத்த எடுத்து என் நெத்தியில வச்சு விடும். வலது கையி விழுந்த பொறவும் எடது கையால வச்சு விடும். ‘எம் மவன் வருவான், நீ நெத்திய வெறுமனே வைக்காத’ம்பா. பெத்தவ நம்பிக்கைன்னு நெனச்சேன். அந்தக் கெழவி நம்பிக்கையக் கெடுக்கக் கூடாதுன்னே வச்சுக்கிட்டேன். படுக்கையில கெடந்தப்ப பீ மூத்திரம் அள்ளுனேன், ஒரு நாளு மொகஞ் சுளிச்சதில்ல. தெரிஞ்சுக்கிட்டேல்லா வச்சிருக்கா! நீங்களும் தீவாளிக்குத் தீவாளி வந்து, ‘இசக்கி மகராசி, பொட்டும் பூவுமா நல்லாயிருக்கா’ன்னு சொல்லிட்டுப் போனிய. அது பொட்டு இல்ல அத்தான். பூட்டு.

—அப்படிச் சொல்லாத. ஒன்னய யாரு பூட்டி வச்சா? நீ வேலைக்குப் போன, வந்த…

—போனேன், வந்தேன். கரீம் பாட்சா பட்டறையில ஒரு நல்ல மனுசன், ராமநாதபுரத்துக்காரரு, தோல் வெட்டுதவரு. பொண்டாட்டி எறந்தவரு. நேரா வந்து கேட்டாரு, ‘உங்க நெலம என்ன, சொல்லுங்க’ன்னு. எம் புருசன் உசிரோட இருக்காருன்னு சொல்லணுமா, இல்லன்னு சொல்லணுமா? எனக்கு எந் நெலம தெரிஞ்சாத்தான? தலையக் குனிஞ்சுக்கிட்டேன். அவரு வேற பட்டறைக்குப் போயிட்டாரு. அன்னைக்கு ஒங்களுக்குத் தெரியும், ஒங்க தம்பி எங்க சோறு திங்காருன்னு.

—இதெல்லாம் பெத்த மக முன்னால பேசுத பேச்சா?

—மக முன்னாலதான் பேசணும். அவதான் நாளைக்கு இன்னொருத்தன் கையப் பிடிச்சுப் போகப்போறவ.

—நான் கேக்குறேன் பெரியப்பா. இத்தன வருஷம் ஒளிச்சு வச்சீங்க, டீக் ஹை, சரி. இப்ப ஏன் திடீர்னு ட்ரெயின் ஏறி கூட்டிட்டு வரணும்? என் கல்யாணத்துக்காகவா? நெசமா சொல்லுங்க.

—ஒனக்காகத்தான். வேற எதுக்கு?

—கல்யாணம் முடிஞ்சதும் திரும்ப காசிக்கு அனுப்பிருவீங்களா?

—அது எப்படி அனுப்ப முடியும்? அவன் கால்ல புண்ணு பிள்ள. சர்க்கர. படி எறங்கவே செரமப்படுதான். சத்திரத்துல எத்தன நாளைக்கு வச்சிருப்பான்? எங்க வீட்டு நெலம ஒனக்குத் தெரியும். எம் பயலுக ரெண்டு பேரும் ‘யஹான் நை, இங்க வேண்டாம் பாபா’ன்னு முடிவாச் சொல்லிட்டானுவ. கட்டுனவ இருக்கா, கவனிக்க மாட்டாளான்னு…

—ஆங். இப்ப புரியுது அத்தான்.

—என்னட்டி புரியுது? கடைசிக் காலத்துல புருசனப் பாக்கது பொண்டாட்டி கடம. யார்கிட்ட வேணாலும் கேளு.

—கால்ல துணி சுத்தியிருந்துச்சு, நானும் பாத்தேன். பாக்கப் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா பாவம்ங்கது வேற, வீட்டுக்குள்ள கூட்டியாந்து வைக்கது வேற அத்தான்.

—பெரியப்பா, கூட்டிட்டு வாங்க. சயான் ஆஸ்பத்திரியில எனக்கு டாக்டர் தெரியும். நானே ரத்தம் எடுத்து, நானே ரிப்போர்ட் வாங்கித் தாரேன். லைன்ல நிக்க விட மாட்டேன். பேஷண்டா வரட்டும். அப்பாவா வேண்டாம்.

—ஏட்டி, இப்பத்தான சொன்ன, ஒரு நாளு வந்து உக்காரட்டும்னு!

—அது உங்களுக்குத் தெரியும்னு தெரியறதுக்கு முன்னாடி. அவரு தொலஞ்சு போனாருன்னு நெனச்சேன் பெரியப்பா. தொலையவே இல்ல. எல்லாருக்கும் நம்பர் இருந்துச்சு. எங்க ரெண்டு பேருக்குத்தான் இல்ல. எனக்குப் போதும்.

—ரெண்டு பேரும் ஒண்ணு சேந்துட்டிய. சரி. அப்ப நானும் சொல்லிருதேன். இசக்கி, நீ என்ன செஞ்சிருக்கன்னு ஒனக்கு வெளங்கல. போட்டு வச்ச பொட்டோட இருந்தா, புருசன் கூட இல்லன்னாலும் நீ சுமங்கலி. மக கல்யாணத்துல முன்னால நிக்கலாம், ஆரத்தி எடுக்கலாம். நீயே தாலியறுத்துக்கிட்டு வந்துட்ட. இனி மணமேடைப் பக்கம் காலெடுத்து வைக்க முடியுமா? நம்ம ஊர்ச் சங்கத்துல நாலு பேர் வந்து ஒன்ன நிறுத்துனா நான் தடுக்க மாட்டேன். சீத்தா கேம்ப்காரன் தட்டத் திருப்பிக் குடுத்தாலும் என்னயக் கேக்கக் கூடாது.

—யாரும் தடுக்க வேண்டாம். தடுக்க வாரவங்க வரட்டும். முன்னாலதான் நிப்பேன். வெறும் நெத்தியோட நிப்பேன். எம் பிள்ளையப் பெத்தது நான், படிக்க வச்சது நான், நான்தான் தார வாத்துக் குடுப்பேன். ஒத்தக் கையில தண்ணி நிக்காதா? நிக்கும்.

—மாப்ள வீட்டுக்காரன் ஒத்துக்கிடுவானா?

—முத்துகிட்ட நான் இன்னைக்கே பேசுறேன். எல்லாத்தையும் சொல்லுறேன். துபாய் கிபாய் ஒண்ணும் கெடையாது, அம்மாதான்னு. அவங்கம்மா வேண்டாம்னு சொன்னா, அவன் என்ன சொல்றான்னு பாப்பேன். அதுவும் கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியறது நல்லதுதானே?

—ஏ பிள்ள, ஒன் வாழ்க்கையக் கெடுத்துக்கிடாத. இசக்கி, அவளுக்குச் சொல்லு.

—நான் என்னத்தச் சொல்ல? எனக்கு இவ வயசுல இந்த வாயி இல்ல.

—சரி… சரி. நான் கோவப்பட்டுட்டேன். உக்காரு. ஒரு சாய் போடு மாலதி, நாக்கு வறண்டுபோச்சு. இசக்கி, நான் ஒண்ணு சொல்லுதேன், ஒத்துக்கிடு. எல்லாருக்கும் நல்லதா முடிச்சிரலாம். நீ பிண்டம் போட்டது நெசம். ஆனா அவன் உசிரோட இருக்கான்னு தெரியாமப் போட்ட. போட்டுட்டு, பொறவுதான் சத்திரத்து வாசல்ல பாத்திருக்க. தெரியாமச் செஞ்ச தப்புக்குப் பரிகாரம் உண்டு. கோயில்ல வச்சு ஒரு கயித்த மறுபடியும் கட்டச் சொல்லிருவோம். நீ ‘தெரியாது’ன்னு மட்டும் சொல்லு. நாலு பேர்கிட்ட நான் பேசிக்கிடுதேன்.

—தெரியும்.

—என்ன தெரியும்?

—மொதல்ல பாத்தேன். பொறவுதான் பிண்டம் போட்டேன்.

—பாத்துட்டா? கண்ணால பாத்துட்டா போட்ட?

—மொத நாளு மணிகர்ணிகைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. சந்து சந்தா நடந்து, மாட்டுக்கும் மனுசனுக்கும் வழி விட்டு, திடீர்னு ஆறு. அங்க தீ அணையதே இல்லையாம். ஒரு பக்கம் பொணம் எரியுது, அந்த வெளிச்சத்துல ஒருத்தன் சாய் விக்கான், சின்னப் பிள்ளைக பட்டம் விடுது. யாரும் அழல. அழக் கூடாதாம், அழுதா போற உசிரு போகாமத் தங்கிருமாம். நான் பாத்துக்கிட்டே நின்னேன். இத்தன வருசம் நான் அழுததாலதான் ஒங்க தம்பி போகாமலும் வராமலும் நிக்காரோன்னு தோணுச்சு. மறுநாள் காலையில பூமாரி கோயில் வரிசைக்குப் போயிட்டா. நான் ஆத்துப் படிக்கட்டுக்கு வந்தேன்.

—அங்க வந்தானா அவன்?

—எங்கள வரிசையா உக்காத்தி வச்சிருந்தாங்க. கையில தர்ப்பைய மாட்டியாச்சு. மந்திரம் சொல்லுத வாத்தியாரு வயசானவரு, எட்டி உக்காந்திருந்தாரு. அவருக்கு ஒத்தாசைக்கு ஒரு ஆளு, எள்ளும் மாவும் தட்டுல வச்சுக்கிட்டு ஒவ்வொருத்தர்கிட்டயா குனிஞ்சு, ‘யாருக்கும்மா குடுக்கிய? பேரச் சொல்லுங்க’ன்னு கேட்டுக்கிட்டே வந்தாரு. காசியில நம்ம ஊரு இழுப்பு. யாரு இப்படிப் பேசுதான்னு நிமுந்தேன். காது மடிஞ்சிருந்துச்சு.

—முருகா.

—எந்திரிச்சு ஓடிரலாம்னு இருந்துச்சு. அதுக்குள்ள எங்கிட்ட வந்தாரு. மொகத்தப் பாக்கல, தட்டப் பாத்துக்கிட்டே கேட்டாரு. ‘யாருக்கும்மா?’ நான் சொன்னேன், ‘எம் புருசனுக்கு. பேரு சொரிமுத்து. அப்பா பேரு பேச்சிமுத்து. பம்பாய் தாராவி.’

—அம்மா…

— எள்ளு எம் மடியில சிந்துச்சு. அப்பத்தான் என்னயப் பாத்தாரு. நல்லாப் பாத்தாரு. வாத்தியாரு அங்கிருந்து, ‘சீக்கிரம் ஆகட்டும்ப்பா, எப்ப தவறுனாருன்னு கேளு’ன்னு சத்தம் போட்டாரு. இவரு கேட்டாரு, ‘எப்பம்மா தவறுனாரு?’ நான் சொன்னேன், ‘ஆடி அமாவாசைக்கு மறுநாளு. அம்மாவுக்கு மருந்து வாங்கிட்டு வாரேன்னு சயான் ஆஸ்பத்திரிக்குப் போனவரு.’

—அவன் ஒண்ணும் சொல்லலையா? ‘இசக்கி, நாந்தான்’னு ஒரு வார்த்த சொல்லலையா?

—அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அத்தான் காத்துக்கிட்டிருந்தேன். சாமி சத்தியமா. சொல்லியிருந்தா தர்ப்பையக் கழத்தி ஆத்துல எறிஞ்சுட்டு, அந்தப் புண்ணுக் காலப் பிடிச்சு இங்க கூட்டிட்டு வந்திருப்பேன். என்னய எனக்குத் தெரியும்.

—பொறவு? பொறவு என்னதான் செஞ்சான்?

—பக்கத்துல குத்தவச்சு உக்காந்தாரு. மாவப் பெசஞ்சாரு. ஒங்க தம்பி கையாலயே உருண்ட பிடிச்சு எங்கையில வச்சாரு. ‘தெக்கப் பாத்து வைங்கம்மா’ன்னாரு. வச்சேன். எல்லாம் முடிஞ்சதும் வாத்தியாரு, ‘போனவருக்குத் திருப்தியான்னு கேளும்மா’ன்னாரு. கேட்டேன். போனவரு எடத்துல நின்னு கூட இருக்க ஆளுதான் பதில் சொல்லணுமாம். ஒங்க தம்பி எந்திரிச்சு நின்னு, எம் மொகத்த நேராப் பாத்து, ‘திருப்தி’ன்னாரு.